பால் பாக்கெட்டில் கை வைக்காதே

தேனி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. நீ அனுப்பிய இரண்டு படங்களும் வந்தன. ஒன்று கடன் பட்டியல், இன்னொன்று செலவைக் குறைக்கும் பட்டியல். பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. உன் கையெழுத்து உன் அப்பா கையெழுத்தையும் தோற்கடித்துவிட்டது. போனில் சொல்லியிருப்பேன். ஆனால் கடன் பேச்சைப் போனில் எடுத்தால் ஆறுதல்தான் வாயில் வருகிறது, கணக்கு வருவதில்லை. அதனால் எழுதுகிறேன். உன் வீட்டுக்காரியும் படிக்கட்டும். அவளுக்குத் தெரியாமல் மடித்து வைக்கிற கடிதம் இல்லை இது.

முதலில் செலவுப் பட்டியல். மொத்தம் 11 வரி. பாலை ஒரு லிட்டரிலிருந்து அரை லிட்டராக்குவது முதல் வரி. அப்புறம் பிள்ளைக்கு வாங்கும் பழம், ஞாயிற்றுக்கிழமைக் கறி, செய்தித்தாள், வீட்டுக்காரி ஷேர் ஆட்டோவை விட்டு டவுன் பஸ்ஸில் போவது என்று இறங்கிக்கொண்டே போகிறது. எல்லாம் கூட்டினால் மாதம் 2,300 ரூபாய் மிஞ்சும் என்று கீழே கோடு போட்டிருக்கிறாய். நானும் கூட்டிப் பார்த்தேன், கூட்டல் சரி. ஆனால் அந்த 11 வரியில் உன் மேல் மட்டும் படுகிற வரி ஒன்றுகூட இல்லையே, கவனித்தாயா? பழம் பிள்ளைக்கு, ஆட்டோ அவளுக்கு, பால் எல்லாருக்கும். வேலை விட்டு வரும்போது நீ நிற்கிற கடை எதிலும் இல்லை. அது டீக்கடையா, வேறு கடையா என்று நான் கேட்கவில்லை. உனக்குத் தெரியும்.

சிக்கனம் என்றதும் நம் வீடுகளில் கை நேராக அடுப்படிக்குத்தான் போகிறது. அங்கே வெட்டினால் எதிர்த்துக் கேட்க ஆள் இல்லை என்பதுதான் காரணம். பைக் தவணை ஒரு நாள் தள்ளினால் ஃபைனான்ஸ்காரர் போன் செய்வார். பால் குறைந்தால் யாரும் போன் செய்ய மாட்டார்கள். டவுன் பஸ் யோசனையையே எடுத்துக்கொள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, நல்ல விஷயம், நானே போய்வருகிறேன். ஆனால் அந்த பஸ்ஸைப் பிடிக்க அவள் முக்கால் மணி நேரம் முன்னால் கிளம்ப வேண்டும். அந்த முக்கால் மணி நேரத்தில் பிள்ளையைக் குளிப்பாட்டி, டப்பா கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது யார் என்று உன் பட்டியலில் எழுதவில்லை. நீ செய்வதாக இருந்தால் அந்த வரி இருக்கட்டும்.

இனி கடன் பட்டியலுக்கு வருகிறேன். நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்து காலம் தள்ளியவளுக்கு எண்களைப் பார்த்தால்தான் கண் தெளிகிறது. உன் கையில் வருவது 28,000, அவளுக்கு 14,000. சேர்ந்து 42,000. போவதை எழுதுகிறேன். கிரெடிட் கார்டில் 70,000 நிற்கிறது, மாதம் மினிமம் 3,500 கட்டுகிறாய். உன் அப்பா ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய 1 லட்சம், மூன்று வட்டி, மாதம் 3,000. தண்டல் நாளைக்கு 200, மாதத்துக்கு 6,000. பைக் 4,200. பர்சனல் லோன் 6,800. ஆக 23,500. வாடகை 8,500 போனால் கையில் 10,000. அதில் 2,000 நகைச்சீட்டுக்கு. மிச்சத்தில் பலசரக்கு, கேஸ், பெட்ரோல், பள்ளிக்கூடம் எல்லாம் நடக்க வேண்டும். நடக்காது. அதனால்தான் இருபதாம் தேதிக்கு மேல் பலசரக்கு கார்டில் ஏறுகிறது. ஊதாரித்தனத்தால் இந்த நிலைக்கு வந்தோம் என்று நீ உன்னைத் திட்டிக்கொண்டு எழுதியிருக்கிறாய். உன் பட்டியலில் நான் ஊதாரித்தனத்தைக் காணவில்லை, வட்டியைத்தான் காண்கிறேன்.

கார்டைப் பிரித்துப் பார். வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள், உன் ஸ்டேட்மெண்டில் சரியான எண் இருக்கும். 70,000-க்கு 2,450. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 441. ஆக 2,891. நீ கட்டிய 3,500-இல் கடனிலிருந்து கழிந்தது 609 ரூபாய்தான். அரை லிட்டர் பாலைக் குறைத்து ஒரு மாதத்தில் நீ மிச்சம் பிடிக்க நினைக்கிற தொகையும் ஏறக்குறைய அதுதான். இதில் இன்னொன்றும் இருக்கிறது: முழுத் தொகையைக் கட்டாத வரைக்கும், அந்தக் கார்டில் புதிதாக வாங்குகிற துவரம்பருப்புக்கும் வாங்கிய அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். ஐம்பது நாள் வட்டியில்லை என்கிற பேச்செல்லாம் முழுசாகக் கட்டுகிறவர்களுக்கு. கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே அங்கிருந்து யாரும் உனக்காக இறங்கி வரப் போவதில்லை.

தண்டலை நீ “சின்னக் கடன்” என்று எழுதியிருக்கிறாய். 20,000 எழுதிக்கொண்டு 17,000 கையில் கொடுத்தார்கள், நாளுக்கு 200, நூறு நாள். 3,000 ரூபாய்தானே பிடித்தார்கள், பதினைந்து சதவீதம்தானே என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்த 17,000 நூறு நாளும் உன் கையில் இல்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய். ஐம்பதாவது நாளில் பாதிப் பணம் அவர்களிடம் போய்விட்டது. கணக்குப் போட்டால் மாதத்துக்குப் பத்து வட்டி விழுகிறது. நேராகப் பத்து வட்டி என்று ஒருவர் கேட்டிருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பாய். அதையே நூறு நாளாக நறுக்கிக் கொடுத்ததால் வாங்கிவிட்டாய். உன் கடன்களிலேயே பெரியது இதுதான், தொகையில் இல்லை, வேகத்தில்.

ஆகவே நான் சொல்வது இது. சமையலறையில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் குறைப்பதற்கு முன்னால் கடனுடைய வட்டியைக் குறை. தண்டல் பாக்கி 10,000, கார்டு 70,000, மூன்று வட்டி 1 லட்சம். மூன்றும் சேர்ந்து 1,80,000. இந்த மூன்றையும் கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ நகைக்கடன் வைத்து ஒரே வாரத்தில் முடித்துவிட வேண்டும். இன்றைய தங்க விலைக்கு நான்கு பவுன்கூட வேண்டியிருக்காது. வட்டி ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 1,500. இப்போது இந்த மூன்றுக்கும் மாதம் 12,500 கொட்டிக்கொண்டிருக்கிறாய்.

இந்த யோசனை உனக்கு வந்திருக்காது என்று நான் நினைக்கவில்லை. வந்திருக்கும், கேட்கக் கூச்சப்பட்டிருப்பாய். கூச்சப்பட வேண்டியதுதான், அது அவள் நகை. பிறந்த வீட்டில் போட்டு அனுப்பியது சட்டப்படியும் அவளுக்கே சொந்தம்; புருஷனுக்கு அதில் உரிமை இல்லை. கவுண்டரில் நான் பார்த்த கண்ணீரில் பாதி, தனக்குத் தெரியாமல் பீரோவிலிருந்து போன வளையலைத் தேடி வந்த பெண்களுடையது. அதனால் இதை நீ முடிவு செய்யாதே. இந்தக் கணக்கை அவள் முன்னால் வை, அவள் முடிவு செய்யட்டும். சம்மதித்தால் கடன் அவள் பெயரில் இருக்கட்டும், அடகுச் சீட்டு அவள் கைப்பையில் இருக்கட்டும். தாலிக்கொடியைத் தொடாதீர்கள். சாஸ்திரத்துக்காகச் சொல்லவில்லை. அதை வைத்தால் அவளுக்குத் தெருவில் நடக்கிற தைரியம் போய்விடும், அப்புறம் எந்தச் சிக்கனத்துக்கும் மனசு வராது.

வைக்கும்போது நகை எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வைக்காதே. சங்கிலி ஒன்று, வளையல் ஒன்று, கம்மலும் மோதிரமும் ஒன்று என்று மூன்று கணக்காகப் பிரித்து வை. ஒரே கணக்கானால் கடைசி ரூபாய் கட்டும்வரை எதுவும் வெளியே வராது. பிரித்து வைத்தால் சின்னக் கணக்கை முதலில் முடித்து ஒரு நகையைத் திருப்பிவிடலாம். வீட்டுக்கு வந்த கம்மல் அடுத்த தவணைக்கு உங்களைத் தள்ளிக்கொண்டு போகும். ஒரு வருடம் முடியும்வரை காத்திருக்காமல் மாதாமாதம் அசலில் கட்டலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. வட்டி மட்டும் கட்டி வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டே போனவர்கள், நகையின் விலையை வட்டியாகவே கொடுத்துவிட்டு, கடைசியில் ஏல நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி விதியை மாற்றி, இரண்டரை லட்சம் வரையான நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. முன்பு 75. கூடத் தருகிறார்கள் என்று கூட வாங்கிவிடாதே. 1,80,000 வேண்டும் என்றால் 1,80,000.

தனியார் ஃபைனான்ஸில் எட்டு மாதமாக வட்டி கட்டாமல் கிடக்கிற ஆரம் வேறு கதை. அதை யாரும் போடுவதில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். வட்டியை மாதாமாதம் கட்டாவிட்டால் அங்கே வட்டி விகிதம் படிப்படியாக ஏறும். அவளுக்குச் சம்மதமானால் மீட்டு விற்றுவிடுங்கள். விற்கும்போது ஹால்மார்க் முத்திரை இருக்கிறதா பார், காரட் மீட்டரில் வைத்துக் காட்டச் சொல், கல் எடை எவ்வளவு கழிக்கிறார்கள் என்று உருக்குவதற்கு முன்னால் கேள். இரண்டு கடையில் விலை கேட்ட பிறகு கொடு. அடகுக் கடனும் வட்டியும் போக மிஞ்சுவதில் உன் நண்பனின் கைமாத்து 25,000-ஐ முதலில் கொடு. வட்டி கேட்காத கடன் என்பதால் அது பட்டியலின் அடியிலேயே கிடக்கிறது. அவனும் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறவன்தானே.

நகைச்சீட்டு இன்னும் இரண்டு மாதம்தான் என்றால் கட்டி முடி. நடுவில் நிறுத்தினால் அவர்கள் ரொக்கமாகத் தர மாட்டார்கள். முடிந்ததும் புதுச் சீட்டு போடாதே. மூன்று வட்டிக்குக் கடன் வைத்துக்கொண்டு தங்கம் சேர்ப்பது சேமிப்பு இல்லை.

கடன் அடைக்கப் போகும்போது நீ தனியாகப் போகாதே. வட்டிக்குக் கொடுத்தவர் உன்னிடம் புரோநோட்டும் நிரப்பாத காசோலை இரண்டும் வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். அவை உன் கைக்கு வந்த பிறகுதான் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும். “வீட்டில் இருக்கிறது, நாளைக்குத் தருகிறேன்” என்றால் நாளைக்கே பணமும் வரும் என்று சொல். சிரித்துக்கொண்டே சொல். நம் ஊரில் 2003-லிருந்து கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, சட்டத்தின் கணக்கில் மூன்று வட்டியே அதிகம்தான். சட்டம் இருந்தும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்கிரையானதை நாடே பார்த்தது. சட்டத்தைத் தெரிந்துகொள், ஆனால் சண்டை போடுவதற்காக இல்லை; யாராவது வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டால் பயந்து இன்னொரு இடத்தில் கடன் வாங்காமல் இருப்பதற்காக. கார்டுக்காரர்கள் “குறைத்துக் கட்டி முடித்துக்கொள்ளுங்கள்” என்று ஆசை காட்டுவார்கள். அப்படி முடித்தால் சிபிலில் “செட்டில்டு” என்று ஏறும், நாளைக்கு வீட்டுக்கடன் கேட்கும்போது உறுத்தும். முழுசாகக் கட்டி, பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்கி, கார்டை ரத்து செய். ரத்து செய்யாமல் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வைத்தவர்கள், ஆறே மாதத்தில் இன்னொரு கையின் வளையலோடு கவுண்டருக்கு வந்தார்கள்.

இப்படிச் செய்தால் மாதம் 12,500 கைக்கு வரும். அதை எப்படிப் பிரிப்பது? 6,000 நகைக்கடனுக்கு, வட்டியும் அசலும் சேர்த்து. 4,500 வீட்டுச் செலவுக்கு. 2,000 அவள் பெயரில் தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில். வீட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கச் சொல்கிறேனே என்று பார்க்கிறாயா? வீட்டுக்குப் போதாததுதான் கார்டில் ஏறியது. அந்தப் பள்ளத்தை மூடாமல் நீ அடைக்கிற ஒவ்வொரு கடனும் வேறு பெயரில் திரும்பி வரும். தபால் ஆபீஸ் பணம் பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் வரும்போது தண்டல்காரர் நினைவுக்கு வராமல் இருப்பதற்கு. பைக் தவணை 14 மாதத்தில் முடிகிறது. முடிந்த மாதத்திலிருந்து அந்த 4,200-ஐயும் நகைக்கடனில் சேர். வருடம் முடிகிறபோது வட்டியைக் கட்டிப் பாக்கியைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும், அது சரி. மொத்தம் இரண்டு வருடமும் கொஞ்சமும். பர்சனல் லோன் அதுபாட்டுக்கு ஓடட்டும்.

இப்போது நீ எழுதாமல் விட்ட கடனுக்கு வருகிறேன். உன் கல்யாண மொய் நோட்டு எங்கே? நம் பக்கத்தில் மொய் இல்லாமல் கடன் கணக்கு எழுதினால் அது பாதிக் கணக்கு. வட்டி கிடையாது, கெடு கிடையாது, பத்திரம் கிடையாது. ஆனால் திருப்பிக் கொடுக்கிற தேதியை நீ வைப்பதில்லை, கொடுத்தவர் வீட்டுப் பிள்ளை வயசுக்கு வந்த தேதியோ அவர் வீட்டுக் காதுகுத்துத் தேதியோ வைக்கிறது. ஆவணி முகூர்த்தத்தில் ஒரே மாதத்தில் ஆறு பத்திரிகை வந்தால் அந்த மாதம் உன் சம்பளம் அவ்வளவுதான். அந்த நோட்டை எடுத்து, இரண்டு வருடத்துக்குள் யார் வீட்டில் விசேஷம் வரும் என்று அவளும் நீயும் உட்கார்ந்து குறியுங்கள். உன் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டால் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவாள், அவளுக்கு ஊர்ப் பிள்ளைகளின் வயசு எல்லாம் மனப்பாடம். வருவதைத் தெரிந்துகொண்டால் முன்னால் ஒதுக்கலாம். தெரியாமல் வந்தால் மண்டப வாசலில் நின்று கைமாத்துக் கேட்க வேண்டியிருக்கும்.

அவர்கள் எழுதியதை எழுதிவிடு, ஒரு ரூபாய் குறைக்காதே. மொய்யில் நாணயம் போனால் ஊரில் வேறு எதுவும் மிஞ்சாது. ஆனால் கூட்டி எழுதாதே. 1,000 எழுதியவருக்கு 2,000 எழுதினால் நீ கடனை அடைக்கவில்லை, அவர் தலையில் 1,000 ஏற்றிவிட்டு உன் பணத்தை அங்கே முடக்குகிறாய். இன்னொன்று. “நாமும் ஒரு காதுகுத்து வைத்தால் போட்ட மொய்யெல்லாம் திரும்பி வருமே, கடனை அடைத்துவிடலாமே” என்று உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடியில் மொய் விருந்து வைக்கிறார்கள், கேள்விப்பட்டிருப்பாய். அங்கே பல குடும்பம் சேர்ந்து ஒரே பந்தலில் கறிச்சோறு போட்டுச் செலவைப் பங்கு பிரித்துக்கொள்கிறது. வந்த பணம் கிணறு வெட்டவோ தொழில் வைக்கவோ போகிறது. அதில் ஒரு கணக்கு இருக்கிறது. நம் பக்கத்தில் அப்படியா? மண்டபம், பிரியாணி, ஃபிளக்ஸ், வீடியோ, டிரோன் என்று முடிந்த பிறகு மொய்ப் பெட்டியில் வந்தது சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் போகிறது. பழைய மொய் திரும்பி வந்துவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் புது மொய் நோட்டு ஒன்று கையில் இருக்கும். இரண்டு வருடத்துக்கு விசேஷம் வைக்க வேண்டாம். பிள்ளைக்குக் காது குத்தாவிட்டால் மூச்சு நின்றுவிடாது.

கடன் பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக, “தங்கச்சி மகள் சடங்கு, தாய்மாமன் சீர் 60,000, எங்கேயாவது புரட்டணும்” என்று எழுதியிருக்கிறாய். மற்ற எல்லாவற்றையும் விட எனக்கு அந்த வரிதான் உறுத்தியது. 11 வரியில் பாலும் பழமும் குறைத்து நீ மிச்சம் பிடிக்கிற பணம் இரண்டு வருடத்துக்கு மேல் சேர்ந்தால்தான் அந்த 60,000-ஐக் கட்ட முடியும். டிராக்டரில் தட்டு வரிசை, கொட்டு மேளம், வெடி, ஆட்டுக்கிடா எல்லாம் வேண்டும் என்று உன் தங்கச்சி கேட்டாளா? கேட்டிருக்க மாட்டாள். உன் மச்சான் வீட்டில் போன தடவை இன்னொரு மாமன் அப்படிக் கொண்டுவந்தார் என்பதை நீயே நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

தாய்மாமன் சீர் வேண்டாம் என்று நான் சொல்வேனா? உன் அப்பாவிடம் சீர் வாங்கியவள் நான். அண்ணன் மாலையோடு மணவடைக்கு வந்து நின்றபோது என் மகள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும், தட்டில் என்ன இருந்தது என்று யோசித்தால்தான் நினைவுக்கு வருகிறது. ஒரு பட்டுச்சேலை, மாலை, ஒன்பது தட்டு. தட்டில் பழமும் மஞ்சளும் குங்குமமும் வளையலும் வைத்தால் போதும். ஒரு கிராமில் ஒரு மோதிரமோ மூக்குத்தியோ முடிந்தால், கையிலிருக்கிற பணத்தில். ஆனால் சடங்கு அன்றைக்கு மண்டபத்தில் வைத்து உன் தங்கச்சி அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. இந்த மாதமே நீயும் வீட்டுக்காரியும் அவள் வீட்டுக்குப் போய், கடன் இவ்வளவு இருக்கிறது, அடைத்துக்கொண்டிருக்கிறோம், சீர் இப்படித்தான் வரும் என்று சொல்லிவிடுங்கள். மச்சானும் கூட இருக்கும்போது சொல்லுங்கள். நம் குடும்பங்களில் கடன் வளர்வது பணம் இல்லாததால் பாதி, இல்லை என்று சொல்ல ஆள் இல்லாததால் பாதி.

இதெல்லாம் ஆன பிறகு வீட்டுச் செலவைக் குறைப்போம், குறைக்க இடம் இருக்கிறது. கரண்டில் ஒரு படி இருக்கிறது, தெரியுமா? இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டின யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை; இரண்டாவது நூறு யூனிட்டுக்கு இருந்த குறைந்த விலையும் போய்விடும். 501-ஆவது யூனிட் ஒன்றுக்கே இருநூறு ரூபாய்க்கு மேல் கூடிவிடும். அதனால் ரீடிங் எடுப்பதற்குப் பத்து நாள் முன்னால் மீட்டரைப் பார், 500-ஐ நெருங்கினால் ஏசியை விட்டு மொட்டை மாடியில் படுங்கள். வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை என்று வாங்குகிறவராக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அவரிடம் பேச வேண்டும், அது வேறு பாடு.

ரேஷன் கார்டு வைத்திருக்கிறீர்கள், பல மாதமாகப் பொருள் வாங்கவில்லை என்று உன் வீட்டுக்காரி போன பொங்கலுக்குச் சொன்னாள். துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, அரிசிக்குக் காசே கிடையாது. சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்றால் இட்லிக்குப் போடுங்கள். மதுரையில் பாதி வீட்டு இட்லி அந்தப் புழுங்கலரிசிதான், சொல்லிக்கொள்வதில்லை. கடையில் மாவுப் பாக்கெட் வாங்குவது நின்றாலே பால் குறைக்க வேண்டியதில்லை. அரைக்கிற வேலை உன்னுடையது; கிரைண்டருக்கு ஆண் பெண் தெரியாது. காய்க்கு உழவர் சந்தை. முதல் உழவர் சந்தை 1999-இல் திறந்ததே உங்கள் ஊர் அண்ணா நகரில்தான். ஆனால் காலையில் போக வேண்டும். அதற்கும் உன்னிடம்தான் பைக் இருக்கிறது.

அவள் சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ என்று முக்கால் சதவீதம் பிடிக்கிறார்கள், பார்த்தாயா? 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு உண்டு, குடும்பத்துக்கும் சேர்த்துத்தான். தத்தனேரியில் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி இருக்கிறது. மாதாமாதம் அங்கே பணத்தைக் கட்டிக்கொண்டு, காய்ச்சலுக்குத் தனியார் கிளினிக்கில் 800 கொடுத்துவிட்டு வருகிறீர்கள். கூட்டம் இருக்கும், ஒரு நாள் போகும். பெரிய வைத்தியம் என்று ஒன்று வந்தால் அந்த அட்டைதான் இன்னொரு மூன்று வட்டியிலிருந்து காப்பாற்றும். அட்டையில் பிள்ளை பெயரும் உன் பெயரும் ஏறியிருக்கிறதா என்று அவள் அலுவலகத்தில் கேட்கச் சொல்.

பிள்ளையை அரசுப் பள்ளிக்கு மாற்றலாமா என்று நீ கேட்டதற்கு நான் ஒரு பக்கம் சாயவில்லை. பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குப் போகிற இந்த வருடம்தான் மாற்றுவதென்றால் மாற்றலாம். அரசு ஆரம்பப் பள்ளியில் காலைச் சிற்றுண்டித் திட்டம் 2022-இல் தொடங்கியதே மதுரையில்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தால் பின்னால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் கட்டணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இருவரும் ஒரு நாள் போய் வகுப்பறையில் உட்கார்ந்து, டீச்சரிடம் பேசிவிட்டு வாருங்கள். பிடித்தால் சேருங்கள்.

பாலும் பழமும் முன்பு மாதிரியே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக் கறியும். செய்தித்தாளை வேண்டுமானால் நிறுத்து, நீ விளையாட்டுப் பக்கம்தானே படிக்கிறாய்.

அடுத்த சனிக்கிழமை மதுரைக்கு வருகிறேன். தங்கச்சி வீட்டுக்குப் போகும்போது நானும் கூட வந்தால் பேச்சு சுலபமாக இருக்கும் என்று தோன்றுகிறது. வேண்டாம் என்றால் சொல், வருத்தப்பட மாட்டேன். அதற்குள் ஃபைனான்ஸ் அடகுச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு. முன்பக்கம் மட்டும் எடுக்காதே, வட்டி ஏறுகிற விவரமும் ஏலத் தேதியும் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

அன்புடன்,
அத்தை